மனு கிடையாது

செத்துப்போனான் என்று காரியமெல்லாம் செய்து முடித்த மூன்றாம் வருஷம், எழுபத்தெட்டாம் வருஷத்து ஆனி மாதத்தில், கன்னியப்பன் படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே சேரப்பணஞ்சேரிக்கு வந்து சேர்ந்தான்.

செங்கமலம் வாசலில் நெல்லைக் காயவைத்துக் கோழி ஓட்டிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். படலுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. தொளதொளச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, வெளிச்சத்துக்குக் கூசி இடுக்கிய கண். படல் திறந்துதான் கிடந்தது. இருந்தும் அந்த ஆள் உள்ளே வரவில்லை. யாராவது திறந்துவிட வேண்டும் என்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"இன்னா வோணும்? யார் வூட்டுக்கு?" என்று கேட்டாள்.

கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் வலது புருவத்தில் இருந்த தழும்பு தெரிந்தது. குவாரியில் கல் சில்லு தெறித்து வந்த தழும்பு. அவள் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. இத்தனை வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கிறவள் என்ன செய்வாள்? அழுவாள், கட்டிக்கொள்வாள், தெருவைக் கூட்டுவாள். செங்கமலம் இதில் எதையும் செய்யவில்லை. சட்டென்று திரும்பி, வீட்டுக்குள் இருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

ஏனென்றால், கன்னியப்பன் அந்த அறைக்குள் வந்து போகிறான் என்று அவள் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

இதை முதலிலிருந்து சொல்லாவிட்டால் புரியாது. சொன்னாலும் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

ஒரகடம் பக்கத்துக் குவாரியில் கன்னியப்பன் கல் உடைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஆட்களை விலகச் சொல்லாமலே மேஸ்திரி வெடித் திரியைப் பற்றவைத்தான். கல் சுமந்த பெண் ஒருத்தி செத்துப்போனாள். அவளைத் தூக்கப் போனவர்களை, "போய் வேலையைப் பாருங்கடா" என்று மேஸ்திரி விரட்டினான். கன்னியப்பன் கையில் சம்மட்டி இருந்தது. போதாத காலம், ஓங்கிவிட்டான். மேஸ்திரி பிழைத்தான், ஒரு கால் போனது. கன்னியப்பனுக்குப் பத்து வருஷம் போட்டார்கள். சரி, அடித்தான், அனுபவிக்கட்டும். வெடி வைத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்து விழுங்கித் தொலைக்கலாம். அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

முதல் இரண்டு வருஷம் செங்கமலம் மாசாமாசம் ஜெயிலுக்குப் போனாள். வாசலில் மனு கொடுத்தால், ஆளைக் கூட்டிவந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். "ஏ செங்கா, இன்னாடி இப்படி இளைச்சுப் போயிட்ட, உன் சோத்தையும் சேத்து என் அண்ணன் துன்றானா?" என்று கன்னியப்பன் வாய்விட்டுச் சிரிப்பான். ஜெயிலில் இருப்பவன் சிரிக்க, வெளியே இருப்பவள் அழுதுகொண்டு வருவாள்.

ஒருநாள் புழு நெளிந்த கஞ்சியை வார்டர் மேலேயே விட்டெறிந்தான். தனிக் கொட்டடியில் போட்டார்கள்.

தனிக் கொட்டடி என்றால் என்னவென்று செங்கமலத்துக்குச் சொன்னவன், படப்பையைச் சேர்ந்த மாரி. திருட்டுக் கேசில் உள்ளே போய்த் திரும்பியவன். காலை நீட்டிப் படுத்தால் தலை ஒரு சுவரில் இடிக்கும், கால் ஒரு சுவரில் இடிக்கும். கதவுக்கு அடியில் ஒரு சந்து. அதன் வழியாகத் தட்டு உள்ளே வரும், அதன் வழியாகவே வெளியே போகும். தின்று முடித்தால் தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தட்டைத் தள்ளுகிறவன் பேசக் கூடாது. உள்ளே இருப்பவன் பேசினால் சோறு கிடையாது. அடி கிடையாது, உதை கிடையாது. அதனால் அதைக் கொடுமை என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதும் கிடையாது. மாட்டை ஒற்றையாகக் கட்டினால் ராவெல்லாம் கத்தும் என்று பக்கத்தில் இன்னொன்றைக் கட்டுகிற ஊர் இது. மனுஷனுக்கு அந்த யோசனை யாருக்கும் வரவில்லையே!

அதற்குப் பிறகு செங்கமலம் ஜெயில் வாசலுக்குப் போனபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"அந்த நம்பருக்கு மனு கிடையாது."

"ஏன் சார்?"

"கிடையாதுன்னா கிடையாது. போம்மா."

"எப்ப சார் பாக்கலாம்?"

"மனு கிடையாதும்மா. காதுல வுழல?"

மூன்று வருஷம் கழித்து, மறுபடி உள்ளே போய்த் திரும்பிய மாரி வந்து, தனிக் கொட்டடிப் பக்கமிருந்து சாக்குப் போட்டு மூடி ஒரு ஆளைத் தூக்கிப் போனார்கள், யாரென்று தெரியவில்லை என்றான். செங்கமலம் அடித்துப் பிடித்து ஓடினாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கீறானா, செத்துட்டானா? அத்த மட்டும் சொல்லுங்க சார், போயிடறேன்" என்று கெஞ்சினாள். "மனு கிடையாது" என்றார் வார்டர். அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்.

கன்னியப்பனின் அண்ணன் தணிகாசலம் பஞ்சாயத்து மெம்பர். எதையும் தொங்கவிடப் பிடிக்காதவர். "உசுரோட இருந்தா சொல்லியிருப்பானுங்கம்மா. காரியத்த முடிச்சிடுவோம்" என்றார். முடித்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். செங்கமலம் நம்பவில்லை. அவன் சாகவில்லை என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, முதல் ஆடிப் படையல் வரைக்கும்.

அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தரம், பொங்கலுக்கும் ஆடிக்கும், செத்தவர்களுக்குப் படைப்பார்கள். உள்ளறையில் விளக்கேற்றி, இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் பரிமாறிவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் வந்து சாப்பிட வேண்டுமே, நாம் பார்த்துக்கொண்டிருந்தால் வருவார்களா? கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தட்டாமல் திறக்கவே கூடாது.

கன்னியப்பனுக்கு உயிர் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அதை வைத்துப் படைத்தாள். கதவைத் தட்டித் திறந்து முதலில் உள்ளே போனவளும் அவள்தான். இலையின் வலது ஓரத்தில், குழம்பு பிசைந்த சோறு ஒரு உருண்டையாக உருட்டி வைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டு பதிந்திருந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கன்னியப்பன் அப்படித்தான். எவ்வளவு பசியானாலும் கடைசிக் கவளத்தை உருட்டி, உள்ளதிலேயே நல்ல துண்டை அதில் அழுத்தி, தட்டோரத்தில் அவளுக்கு வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். எலி உருட்டாது. காக்கை கருவாட்டை விட்டுவைக்காது. அன்றைக்குத்தான் செங்கமலம், புருஷன் செத்துவிட்டான் என்று நம்பி வாய்விட்டு அழுதாள். கவளத்தை யாருக்கும் காட்டாமல் தின்றாள். ஒவ்வொரு படையலுக்கும் கவளம் இருந்தது.

இப்போது, பத்து வருஷத்தில் கழிவு போக எட்டாம் வருஷமே விடுதலையாகி, அவன் உயிரோடு படலுக்கு வெளியே நிற்கிறான். அப்படியானால் உள்ளே வந்து தின்றவன் யார்?

தணிகாசலம் ஓடி வந்தார். தம்பியைப் பார்த்துக் கண் கலங்கினார், அதில் பொய் இல்லை. ஆனால் மெம்பர் அல்லவா! "செத்தவன்னு காரியம் நடந்தவன் நேரா தலவாசல் வழியா வந்தா வூட்டுக்கு ஆவாது. பூசாரியக் கேட்டு நாள் பாக்கணும்" என்று சொல்லி, அவனை வாசலிலிருந்த புங்க மரத்தடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். பூசாரி வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் காரியம் கெட்டுப்போனது.

கன்னியப்பன் அந்த மரத்தடியிலேயே ஒரு கொட்டடி கட்டிக்கொண்டான்.

சுவரில்லாத கொட்டடி. மரத்திலிருந்து வேலி பக்கம் நடப்பான். பாதி வழியிலேயே எதிலோ முட்டிக்கொண்டவன்போல நிற்பான், திரும்புவான், நடப்பான். மறுபடி அதே இடத்தில் திரும்புவான். புல் தேய்ந்து மண்ணில் தடம் விழுந்தது. சோறு வைத்தால், முதுகைத் திருப்பிக்கொண்டு, கையால் தட்டை வளைத்துப் பிடித்துத் தின்பான். கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைப்பான். செங்கமலம் கவிழ்ந்த தட்டைப் புரட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது.

"யோவ், நான்தான்யா. செங்கா. எம்மூஞ்சியப் பாரு" என்று தோளைத் தொட்டால், உடம்பெல்லாம் நடுங்கும். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பான். பூசாரி வந்து நாள் பார்த்து, தண்ணீர் ஊற்றி, ஆரத்தி எடுத்து "உள்ள வாப்பா" என்று எல்லாரும் கூப்பிட்டபோது, அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கெஞ்சினாள். திட்டினாள். மரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். கல்லைக் கரைத்தாலும் கரைக்கலாம்!

ஒருநாள் செங்கமலம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்த மணிச் சத்தம் ஓய்ந்ததும் இன்னொரு சத்தம் கேட்டது.

பட், பட் என்று விரல் நெட்டி முறிக்கிற சத்தம். கன்னியப்பன் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் முறிப்பானே, அதே சத்தம்.

உள்ளறையிலிருந்து வந்தது.

முறத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. பீடி வாசனை வந்தது. கூடவே கல் தூளும் வேர்வையும் கலந்த குவாரி வாசனை.

"செங்கா… தாகமா கீதுடி."

அவள் மெல்லத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். கன்னியப்பன் புங்க மரத்தடியில் நடந்துகொண்டிருந்தான். நின்றான். திரும்பினான். நடந்தான்.

எழுந்துபோய்க் கதவைத் தள்ளித் திறந்தாள். குதிர், பானைகள், ஒரு கோணி மூட்டை. வேறு யாரும் இல்லை. கதவை இழுத்துச் சாத்தினாள்.

உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

வேறு யாராயிருந்தாலும் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். செங்கமலத்துக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. பக்கத்து வீட்டுச் சவரியம்மாளிடம் போய்க் கொட்டினாள். சவரியம்மாள் கன்னியப்பனோடு குவாரியில் வேலை செய்தவள், மாதா கோயிலுக்கு ஒரு ஞாயிறு தவறாதவள்.

"ஒடம்பு அங்க இருந்துச்சு. உசுரு தாங்கல, உன் சோத்து வாசனைக்கு இங்க வந்து குந்திக்கிச்சு. அதான் சமாச்சாரம்" என்றாள் சவரியம்மாள். "நாங்க கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு சமாதி பக்கத்துலயே குந்திக்கினு இருப்போம். நீங்க இன்னாடான்னா சோத்தப் போட்டு கதவச் சாத்திடுறீங்க. செத்தவனுக்கும் தனிக் கொட்டடியா?"

"இப்ப நான் இன்னாக்கா செய்றது?"

"உள்ள கீறவனையும் வெளிய கீறவனையும் ஒரு இலைல குந்த வையி. வேற இன்னா?"

சொல்வது சுலபம். ஒருவன் வெளியே வரமாட்டான், இன்னொருவன் உள்ளே போகமாட்டான். நடுவில் இவள் கிடந்து அல்லாடினாள்.

இதற்குள் தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது. ஊரார் கேட்கிறார்களாம், மெம்பருக்கு அவமானமாம். தெரிந்த கம்பவுண்டர் மூலமாகப் பட்டணத்துப் பைத்திய ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்துவிட்டார். ஆடிப் படையல் ஞாயிற்றுக்கிழமை. திங்கள்கிழமை காலையில் ஜீப் வரும் என்றார்.

"அங்க நல்லா பாத்துக்குவாங்கம்மா. கம்பவுண்டர் சொல்லிக்கீறாரு. தனி ரூம்பு, பூட்டி வச்சுடுவாங்க, எங்கயும் ஓட முடியாது."

"தனி ரூம்பா?" செங்கமலம் அவரையே பார்த்தாள். "மாமா, தனி ரூம்பாலதான் மாமா அவரு இப்படி ஆயிட்டாரு. மறுபடியும் அதுலயே போடுவீங்களா?"

"பின்ன இன்னாம்மா பண்ணச் சொல்ற? நீ தெளிய வச்சுடு, நான் ஜீப்ப திருப்பி அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் பூட்டு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. உள்ளறையில் ஒரே பெரிய இலையாகப் போட்டாள். இரண்டு பேருக்குக் காணும்படி சோற்றைக் குவித்தாள். விளக்கேற்றினாள். விளக்குச் சுடர் காற்றில்லாமலே கதவுப் பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது.

வாசலுக்கு வந்தாள்.

"வாய்யா. உனக்குத்தான் போட்டுக்கீறேன். வந்து துன்னு."

நடந்தான். திரும்பினான். நடந்தான்.

"நாளைக்கு ஜீப் வருதுய்யா. கூட்டிக்கினு போயி அடச்சிடுவாங்க. ஒரு வாட்டி, எனக்காக ஒரே ஒரு வாட்டி உள்ள வாய்யா."

நடந்தான். திரும்பினான்.

"ஐயோ, நான் எந்தச் செவுத்துல போய் முட்டிக்கிறது!" என்று கத்தினாள். தொண்டை கிழிந்தது. உள்ளறையிலிருந்து, "செங்கா" என்று குரல் வந்தது. ஆசையாக, அவசரமாக. வெளியே இருந்தவன் காதில் அது விழவே இல்லை. எட்டு வருஷத்து ஆத்திரம் அவளுக்குத் தலைக்கு ஏறியது. வார்டர், மேஸ்திரி, மெம்பர், பூசாரி, ஒருத்தனாவது அவள் சொன்னதைக் கேட்டானா? இப்போது இவனும் கேட்கமாட்டேன் என்கிறான்.

கீழே கிடந்த அலுமினியத் தட்டை எடுத்தாள். வாசற்படியில் ஓங்கித் தட்டினாள்.

"டேய்! உள்ள போடா!"

அவள் குரல்தான். ஆனால் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

கன்னியப்பன் நின்றான். கையைக் கட்டினான். விறுவிறுவென்று படியேறி, கூடத்தைத் தாண்டி, உள்ளறைக்குள் போனான். அறை நிலைப்படியில் ஒரு கணம் திரும்பி அவளைப் பார்த்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "நீயுமா?" என்பது மட்டும் இருந்தது.

வழக்கப்படி அவள் கதவைச் சாத்தினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் இலை சரசரத்தது. யாரோ தேம்பினார்கள். யாரோ சமாதானப்படுத்துவதுபோல மெல்லப் பேசினார்கள். இரண்டு பேர் சோறு மெல்லுகிற சத்தம் கேட்டது. செங்கமலம் கதவில் காதை வைத்துக்கொண்டு அழுதாள். சேர்ந்துவிட்டார்கள், சாமி, சேர்ந்துவிட்டார்கள்.

திடீரென்று இலை கிழிகிற சத்தம். தரையில் எதையோ இழுப்பதுபோல ஒரு உரசல். குதிரில் ஏதோ மோதியது.

"வேணாம்… வேணாம்ணா… நான் பேசல…"

குரல் பாதியில் அறுந்தது.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். அவள் தட்டுவதற்கு முன்பே உள்ளே இருந்து கதவைத் தட்டினார்கள்.

கதவு திறந்தது. கன்னியப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். நிமிர்ந்த முதுகு. நேர்ப் பார்வை. "ஏ செங்கா, இன்னாடி அழுவுற? கொயம்பு பிரமாதம்!" என்று வாய்விட்டுச் சிரித்தான். அதே சிரிப்பு. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் கதவை இழுத்துச் சாத்தி நாதாங்கியைப் போட்டான்.

சந்தோஷத்தில் அவள் இலையைப் பார்க்க மறந்துபோனாள்.

மறுநாள் வந்த ஜீப்பை அவனே கையசைத்துத் திருப்பி அனுப்பினான். ஊரே வியந்தது. தணிகாசலம் தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். கோயிலில் மறுபடி தாலி கட்டினான். படப்பை ரோட்டில் புதிதாக வந்த இரும்புப் பட்டறைக் கம்பெனியில் அண்ணன் சொல்லி வாட்ச்மேன் வேலையும் கிடைத்தது. காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு, அரைஞாணில் சாவிக்கொத்து குலுங்க நடந்து போவான். நேரம் தவறமாட்டான். உள்ளே போகிறவனையும் வெளியே வருகிறவனையும் தடவிப் பார்க்காமல் விடமாட்டான். சூப்பர்வைசரே மெச்சினார். மரத்தடியில் தேய்ந்த தடத்தில் புல் முளைத்து மூடிவிட்டது. இதற்குமேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

கடைசிக் கவளம் வேண்டும். அதுதான் வரவில்லை.

அவன் சப்புக்கொட்டித் தின்பான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆனால் தட்டை வழித்து நக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான். ஒரு வேளைகூட அவளுக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. முதல் சம்பளத்தில் சேலையோ பூவோ வாங்கவில்லை. பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்து உள்ளறையில் மாட்டினான்.

பூட்டிய அன்றே உள்ளே நடக்கிற சத்தம் ஆரம்பித்தது. வெறுங்கால் சத்தம். நடந்தது, நின்றது, திரும்பியது, நடந்தது.

"யோவ், உள்ள யாரோ நடக்கிறாங்கய்யா."

"எலி."

"எலி திரும்பித் திரும்பி நடக்குமா?"

அவன் சிரித்தான். பிறகு பூட்டைச் சாவிக்கொத்தால் தட்டி, கதவைப் பார்த்து, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னான்: "சத்தம் வந்தா சோறு கிடையாது."

உள்ளே நடை நின்றது.

அவன் வேலைக்குப் போன ஒரு பகலில் செங்கமலமும் சவரியம்மாளும் கடப்பாரை போட்டு நாதாங்கியையே பெயர்த்தார்கள். கதவைத் திறந்தார்கள். குதிர், பானைகள், கோணி மூட்டை. ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் சாணம் மெழுகிய தரையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் ஒரு தடம் குழிந்திருந்தது. வருஷக்கணக்கில் நடந்து நடந்து தேய்ந்ததுபோல. சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள். காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உடனே உள்ளே நடை கேட்டது. திறந்தார்கள், இல்லை. சாத்தினார்கள், கேட்டது. திறந்தால் இல்லாதவனை எந்தக் கதவைத் திறந்து வெளியே விடுவது?

சாயங்காலம் வந்தவன் பெயர்ந்த நாதாங்கியைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. சுத்தியல் எடுத்து வந்து அடித்து மாட்டினான். மறுபடி பூட்டினான்.

செங்கமலம் குறுக்கே நின்றாள்.

"உள்ள கீறவரு யாரு?"

அவன் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான்.

"எம் புருஷன நான் பாக்கணும். ஒரு வாட்டி கதவத் தொற."

அவன் வெற்றிலையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான். கன்னியப்பன் வெற்றிலை போடுகிறவனே இல்லை.

"அவனுக்கு மனு கிடையாது. போம்மா" என்றான்.

யாரிடம் போய்ச் சொல்வாள்? தணிகாசலத்திடம் சொன்னால், "தங்கமா தெளிஞ்சு வந்தவனப் போயி இப்படிச் சொல்றியே" என்று இவளுக்கு ஜீப் வரவழைப்பார். எந்த ஜெயில் வாசலிலாவது நின்று கம்பியைப் பிடித்துக் கத்தலாம் என்றால், ஜெயிலே இப்போது அவள் வீட்டுக்குள் இருக்கிறது. உள்ளே போ என்று தட்டைத் தட்டி அனுப்பியதும் அவள்தான். நினைக்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள்.

மறுநாள் அவன் காக்கி மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு அவளுக்கு அடுப்பு பற்றவைக்கவே மனமில்லை. வீட்டில் சோறும் இல்லை, குழம்பும் இல்லை. வெறும் வயிற்றோடு உள்ளறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். உச்சி வெயில் கூடத்துத் தரையில் விழுந்திருந்தது. உள்ளே நடை கேட்டுக்கொண்டிருந்தது.

"யோவ்" என்றாள். "நான் வார்டரு இல்லய்யா. செங்கா."

நடை நின்றது.

கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. கதவின் கீழ்மூலையில் எலி கரண்டிய சந்து வழியாக ஏதோ மெல்ல உருண்டு வெளியே வந்து, அவள் காலருகில் நின்றது.

ஒரு கவளம் சோறு. நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டு அழுந்தியிருந்தது. தொட்டாள். சுடச்சுட இருந்தது.

செங்கமலம் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே மென்றாள். பிறகு திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கமும் யாரோ முதுகைச் சாய்த்தார்கள். கதவுப் பலகை லேசாக முனகியது.